ஆரஞ்சு எண் 7: ஊசித்தட்டான்களோடு ஒரு வாரம்

நாள் 1

விடிவதற்குள் குளத்துக்கு வந்து சேர்ந்துவிட்டோம். கோரைத் தண்டுகளில் இன்னும் ஈரம் இருந்தது, தண்டுக்கு ஒன்றிரண்டாக ஊசித்தட்டான்கள் இறக்கையை முதுகின் மேல் சேர்த்து வைத்துக்கொண்டு அசையாமல் ஒட்டியிருந்தன. பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு வரி: தட்டான் உட்காரும்போது இறக்கையை விரித்தே வைத்திருக்கும், ஊசித்தட்டான்களில் பெரும்பாலானவை மூடிக்கொள்ளும், உடலும் ஊசி போல மெலிந்திருக்கும். நான் தேடி வந்தது இஷ்னூரா செனகலென்சிஸ். மூன்று செ.மீ. நீளம்தான் இருக்கும், ஆணுக்கு மார்பின் பக்கங்கள் பச்சை, வால் முடிவதற்குச் சற்று முன்னால் ஒரே ஒரு நீலக் கண்டம் (வளையம் போன்ற உடல் பகுதி), தூரத்திலிருந்து பார்த்தால் அந்த நீலப் புள்ளி மட்டும் புல்லுக்குள் நகர்வது போல இருக்கும்.

வந்ததற்குக் காரணம் என் பழைய நோட்டு. மூன்று வருடம் முன்பு இதே குளத்தில் பெண்களை நிறவாரியாக எண்ணி, ஆண் போன்றது, ஆரஞ்சு, பச்சை கலந்த பழுப்பு என்று மூன்று கட்டம் போட்டு, இந்தக் குளத்தில் மரபு வழி வந்த பெண் வகைகள் மூன்று என்று எழுதி வைத்திருந்தேன். அதைப் பல பேருக்கு விளக்கியும் இருக்கிறேன். அது தவறு. இந்த இனத்தில் பெண் வகைகள் இரண்டுதான்: ஆணின் நிறத்தோடு இருக்கும் பெண், பெண்ணுக்கே உரிய மங்கல் நிறத்தோடு இருக்கும் பெண். ஆரஞ்சு என்பது அந்த இரண்டாவது வகையின் இளம்பருவம், அவ்வளவுதான். வயதை எண்ணிவிட்டு மரபு என்று எழுதியிருக்கிறேன். படித்துத் தெரிந்துகொண்ட பிறகும் மனம் ஆறவில்லை, என் கண்ணால் ஒரு ஆரஞ்சு மாறுவதைப் பார்த்தாக வேண்டும்.

அதனால் இன்று முழுக்க வலையும் நிரந்தர மை பேனாவும்தான். கூட வந்திருக்கும் தம்பி பூச்சியியல் படிக்கும் மாணவர், கை நடுங்காமல் இறக்கையைப் பிடிப்பதில் என்னைவிடத் தேர்ந்தவர். பதினெட்டு ஆரஞ்சுப் பெண்களின் இறக்கையில் எண் எழுதிப் பறக்கவிட்டோம். எண் 7 மட்டும் விட்டதும் பறக்காமல் என் விரல் மேலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தது. ஏழாம் நாள் திரும்பி வருவோம்.

நாள் 2

ஆண் எது, ஆண்நிறப் பெண் எது என்பதைப் பறக்கும்போது சொல்லவே முடியாது, கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். ஆணுக்கு வயிற்றின் இரண்டாவது கண்டத்துக்கு அடியில் இணைசேரும் உறுப்பு புடைத்திருக்கும், பெண்ணுக்கு வால் முனைக்கருகே முட்டையிடும் உறுப்பு தடித்திருக்கும். நமக்கே இப்படி என்றால் ஆண் பூச்சிகளின் பாடு என்ன? அந்தக் குழப்பத்தில்தான் இந்த நிறத்தின் கதையே இருக்கிறது.

காலை முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஆண்கள் ஓயாமல் தண்டு தண்டாகத் தேடுகின்றன, பெண் கிடைத்தால் கழுத்தைக் கவ்விக்கொள்கின்றன. இஷ்னூரா இனங்களில் இணைசேர்தல் மணிக்கணக்கில் நீளும், அந்த நேரமெல்லாம் பெண்ணுக்கு இரை தேடவும் முடியாது, முட்டையிடவும் முடியாது. இவ்வளவு நேரம் ஏன் என்று கேட்டால் ஒரு பகுதி பதில் 1979-ல் ஜோனதன் வாகே கண்டுபிடித்ததில் இருக்கிறது: கலோப்டெரிக்ஸ் மாகுலேட்டா என்ற ஊசித்தட்டானில், ஆண் தன் விந்தைச் செலுத்தும் முன்பு போட்டியாளரின் விந்தை உள்ளிருந்து வழித்து எடுத்துவிடுகிறது. ஆக ஒரு தடவை இணைந்தால் போதும் என்று ஆண்கள் விலகுவதே இல்லை, தொல்லை தொடர்ந்துகொண்டே இருக்கும்.

இந்த நிலையில் ஆண் மாதிரியே இருக்கும் ஒரு பெண்ணுக்கு நிம்மதி கிடைக்கும் என்பது எளிதாகப் புரிகிறது. ஆனால் எல்லாப் பெண்களும் அப்படி ஆகிவிட்டால்? அப்போது அந்த நிறம்தான் பெண்ணின் அடையாளம் என்று ஆண்கள் பழகிக்கொள்ளும். எந்த வகைப் பெண்ணை அதிகம் சந்திக்கிறதோ அந்த வகையையே ஆண் அதிகம் தேடுகிறது என்பது இந்த செனகலென்சிஸ் மேலேயே ஜப்பானில் பார்த்த விஷயம். எனவே எண்ணிக்கையில் கூடினால் தொல்லை கூடும், குறைந்தால் குறையும், அரிதாக இருப்பவளுக்கே லாபம், லாபம் கிடைக்கக் கிடைக்க அவளுடைய மகள்கள் பெருகி அவள் அரிதாக இருப்பது நின்றுவிடும், அப்புறம் மற்றவளின் முறை வரும். இதனால்தான் ஒரு வகை மற்றதை முழுசாக அழித்துவிடாமல் இரண்டும் ஒரே குளத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. தெற்கு ஸ்வீடனில் லுண்ட் நகரைச் சுற்றியுள்ள குளங்களில் எரிக் ஸ்வென்சன் குழுவினர் 2000-லிருந்து ஆண்டுதோறும் செனகலென்சிஸின் ஐரோப்பிய உறவான இஷ்னூரா எலிகன்ஸை எண்ணி வருகிறார்கள், அங்கே விகிதங்கள் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்குவது பதிவாகியிருக்கிறது.

இன்னும் எழுதலாம், கண் சொருகுகிறது.

நாள் 3

குளத்தை விட்டு ஓடையோரமாக மேல்நோக்கி நடக்க ஆரம்பித்தோம். வழியெல்லாம் தம்பி மரபணுக் கேள்விகளாகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"அக்கா, பெண்ணுக்கு மட்டும்தான் ரெண்டு வகைன்னா அந்த மரபணு அம்மாகிட்ட இருந்து மட்டும்தானே வரணும்?"

இல்லை, இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஐரோப்பாவின் எலிகன்ஸை வைத்துச் சொல்கிறேன், அங்கே பெண் வகைகள் மூன்று. ஆண்நிறப் பெண், வளர்ந்தபின் ஆலிவ் பச்சை சாயும் இன்ஃபஸ்கன்ஸ், பழுப்புக்குப் போகும் ஆப்சொலீட்டா. 2005-ல் வெளியான கலப்பினச் சோதனைகளில் தெரிந்தது, பாலினக் குரோமோசோமில் இல்லாத ஒரே ஒரு இடத்தில் மூன்று அல்லீல்கள், அதாவது ஒரே மரபணுவின் மாற்று வடிவங்கள், இருக்கின்றன, ஆண்நிறத்துடையது மற்ற இரண்டையும் ஓங்கி நிற்கும், இன்ஃபஸ்கன்ஸ் ஆப்சொலீட்டாவை ஓங்கி நிற்கும். ஆண்களிடமும் அதே இரண்டு பிரதிகள் இருக்கின்றன, வெளியே தெரிவதில்லை. ஆண் தன் மகள்களின் நிறத்தைச் சுமந்துகொண்டே பறக்கிறது, தன் உடலில் அதன் சுவடே இல்லாமல்.

தம்பிக்கு மண்ணில் குச்சியால் எழுதிக் காட்டினேன். தாய் ஆப்சொலீட்டா என்றால் அவளிடம் இரண்டு பிரதியும் ஆப்சொலீட்டாதான். தந்தையிடம் ஒன்று ஆண்நிற அல்லீல், ஒன்று இன்ஃபஸ்கன்ஸ் அல்லீல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகள்களில் பாதி ஆண்நிறம், பாதி இன்ஃபஸ்கன்ஸ். தாயைப் போல ஒருத்திகூட இருக்க மாட்டாள்! தாயை மட்டும் பார்த்து மகளைக் கணிக்க முயன்றால் ஒன்றுமே புரியாது.

அந்த ஒரே இடம் மரபணுத்தொகுதியில் எங்கே, அதில் என்ன இருக்கிறது என்பது 2024-ல்தான் வெளியானது. ஆண்நிறப் பெண்களிடம் சுமார் 9 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள் புதிதாகச் சேர்ந்திருக்கின்றன, இடம் விட்டு இடம் தாவும் மரபணுத் துண்டுகள் அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம். அதில் ஒரு பகுதி செனகலென்சிஸின் ஆண்நிறப் பெண்ணிடமும் இருக்கிறது, அதாவது இந்த வேடம் இரண்டு இனங்களும் பிரிவதற்கு முன்பே பிறந்தது. இன்ஃபஸ்கன்ஸ் வகை பிற்பாடு வந்தது. அந்தப் புதுத் துண்டில் ஒரு பகுதி பெயர்ந்து, ஏறத்தாழ 35 லட்சம் எழுத்துகள் தள்ளிப் போய் உட்கார்ந்ததில் உருவாகியிருக்கிறது. ஆணும் பெண்ணும் வேறு வேறு நிறத்தில் இருப்பதுதான் பழைய நிலை, மற்ற இரண்டும் பிறகு சேர்ந்தவை.

நேற்று என் விரலில் ஏறியிருந்த ஒரு ஆண்நிறப் பெண்ணை நினைத்துக்கொண்டே நடந்தேன். அவ்வளவு சின்ன உடலில் அவ்வளவு பழைய நிறம்.

நாள் 4

ஓடை குறுகி, பாறையும் நிழலுமாக ஆகிவிட்டது. இங்கே வேறு ஆட்கள்.

முதலில் ஒரு வெள்ளைப் பூச்சி. வெளுத்துப் போன நூல் துண்டு மாதிரி நிழலுக்குள் மிதந்தது, தம்பி புது இனம் என்றே நினைத்துவிட்டார். அது கோபெரா மார்ஜினிபெஸின் இளம்பருவம், வளர்ந்தால் கறுப்பாகி, ஆணுக்குக் கால்கள் பளிச்சென்ற மஞ்சளாகிவிடும். கிளையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன, தெரியாதவர்கள் இரண்டு பெயர் வைப்பதில் ஆச்சரியமே இல்லை. வயல் பக்கம் பார்க்கும் அக்ரியோக்னெமிஸ் ஃபெமினாவும் இதே மாதிரிதான், இளம் பெண் சிவப்பாக இருந்து பிறகு பச்சைக்குப் போகும், ஆணோ முதிர முதிர மார்பில் வெள்ளை மெழுகுப் பொடி பூத்துவிடும். அந்த வெள்ளையை நகத்தால் சுரண்டினால் வந்துவிடும், தோலுக்கு மேல் சுரந்த மெழுகு அது.

ஆஸ்திரேலியாவில் இருக்கும் இஷ்னூரா ஹெடிரோஸ்டிக்டா இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டு போகிறது. அங்கே இளம் பெண் ஆண் போல நீலமாக இருக்கும், இணைசேரத் தயாரானதும் பச்சை சாம்பலாக மாறிவிடும். எலிகன்ஸில் ஆண் வேடம் என்பது பிறப்பிலேயே வாங்கி வந்தது. இங்கே அதே வேடம் வயதுக்கு வராத காலத்தில் மட்டும் போட்டுக் கழற்றும் உடை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ‘நீலப் பெண்’தான். என் பழைய நோட்டில் இரண்டுக்கும் ஒரே கட்டம்தான் விழுந்திருக்கும்.

மதியம் வெயில் பாறையில் விழுந்ததும் நியூரோபேசிஸ் சைனென்சிஸ் வந்தது. இதை எப்படி எழுதுவது! ஆண் உட்கார்ந்திருக்கும்போது கறுத்த பழுப்பாக ஒன்றுமில்லாதது போல இருக்கும், பறக்க எழுந்த நொடியில் பின் இறக்கை இரண்டும் உலோகப் பச்சையாகப் பற்றி எரியும். பெண்ணின் இறக்கையில் அது இல்லை, தேன் நிறம்தான். அந்தப் பச்சையில் பச்சை நிறமியே கிடையாது. இறக்கைச் சவ்வு மிக மெல்லிய படலங்களாக அடுக்கியிருக்கிறது, ஒவ்வொரு படலத்திலும் பட்டுத் திரும்பும் ஒளி பச்சையில் மட்டும் ஒன்றையொன்று பலப்படுத்துகிறது. பூச்சி இறந்து வருடங்கள் ஆனாலும் அந்தப் பச்சை போகாது.

குளத்து ஊசித்தட்டானின் நீலம் அப்படியல்ல, அதுவும் ஒளியின் வேலைதான் என்றாலும். அங்கே மேல்தோல் கண்ணாடி போலத் தெளிவானது, அதற்கடியில் உள்ள உயிரணுக்களில் நுண்கோளங்கள் நெருக்கமாக நிறைந்திருக்கும், அவை நீல ஒளியைத் திருப்பி அனுப்பும், அவற்றுக்கும் கீழே இருக்கும் கரிய ஓமோகுரோம் நிறமி மிச்ச ஒளியை விழுங்கிவிடும், அதனால்தான் நீலம் கலங்காமல் தெரிகிறது. வானம் நீலமாவதற்குச் சொல்லும் சிதறல் விளக்கத்தையே இதற்கும் நெடுநாள் சொல்லிவந்தார்கள், கோளங்கள் அடுக்கப்பட்டிருக்கும் ஒழுங்குதான் காரணம் என்று 2004-ல் காட்டினார்கள். எலிகன்ஸின் கோளங்களுக்குள் டெரின் என்ற நிறமி இருப்பது 2019-ல் தெரிந்தது. உயிரணுக்குள் இருக்கும் ஏற்பாடு என்பதால் பூச்சி செத்து உலர்ந்தால் நீலம் பெரும்பாலும் கறுத்துப் போகும், சேகரிப்பவர்கள் அசிட்டோனில் ஊறவைத்துத்தான் ஓரளவு காப்பாற்றுவார்கள்.

உயிரோடு இருக்கும்போது மட்டும் இருக்கும் நீலம் என்பதை நினைத்தால் ஏதோ செய்கிறது.

நாள் 5

மழை. ஒன்றும் பறக்கவில்லை. வலைச் சல்லடையில் கரையோரத் தண்ணீரை அள்ளிப் பார்த்ததில் ஊசித்தட்டான் இளவுயிரிகள் கிடைத்தன, வால் முனையில் இலை போன்ற மூன்று செவுள்கள். பாசிக்குள் அள்ளியவை பச்சை, சேற்றில் அள்ளியவை பழுப்பு. இங்கே கிடைத்தவை ஒரே இனமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, அதனால் எண்ணவில்லை. ஆனால் வட அமெரிக்காவின் இஷ்னூரா வெர்டிகாலிஸ் இளவுயிரிகள் சுற்றுப்புறத்துக்கு ஏற்ப நிறம் மாறுவதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். ஒரே மரபணு, வளரும் இடம் மட்டும் வேறு.

நாள் 6

மழை நின்றது, குளிர் விடவில்லை. மேட்டு ஓடையில் வெயிலுக்காகக் காத்துக்கொண்டு நல்ல நேரம் உட்கார்ந்திருந்தோம். காத்திருக்கும் நேரத்துக்குப் பொருத்தமான கதை ஆஸ்திரேலியாவின் ஆஸ்ட்ரோலெஸ்டெஸ் அன்னுலோசஸ். வெதுவெதுப்பில் பளீர் நீலமாக இருக்கும் ஆண், குளிர்ந்தால் கறுத்துவிடும், திரும்பச் சூடேறினால் மறுபடி நீலம், தினமும். புதிதாக எந்த நிறமியும் உண்டாவதில்லை. அந்தக் கரிய நிறமி மணிகள் உயிரணுவுக்குள்ளேயே இடம் மாறுகின்றன, மேலே ஏறி நுண்கோளங்களை மூடினால் இருட்டு, கீழே இறங்கினால் நீலம். கறுத்த உடல் காலை வெயிலை அதிகம் உறிஞ்சிச் சீக்கிரம் சூடேறும் என்பது இதற்குச் சொல்லப்படும் பயன். ஜப்பானின் இண்டோலெஸ்டெஸ் பெரெக்ரினஸ் இதையே பருவகால அளவில் செய்கிறது, குளிர்காலம் முழுக்கக் காய்ந்த குச்சி போலப் பழுப்பாக இருந்துவிட்டு இளவேனிலில் நீலமாகிறது.

"அப்போ அக்கா, மரபணு ஒரு பக்கம், சூழல் ஒரு பக்கம்னு பிரிச்சு வச்சுக்கலாமா?" என்றார் தம்பி.

அப்படிப் பிரிக்க எனக்கும் ஆசைதான், ஆனால் பூச்சிகள் அப்படி இல்லை. ஜப்பானில் ம்னைஸ் காஸ்டாலிஸ் என்ற இனத்தில் ஆண்களே இரண்டு வகை. ஆரஞ்சு இறக்கை ஆண் ஓடையில் இடம் பிடித்துக் காவல் காக்கும், தெளிந்த இறக்கை ஆண் பதுங்கிப் பதுங்கிச் சமயம் பார்க்கும். எந்த வகை என்பதை ஒரே மரபணு இடம் தீர்மானிக்கிறது. ஆனால் ஆரஞ்சு இறக்கையில் நிறம் எவ்வளவு அடர்த்தியாக ஏறும் என்பது அதன் வயதையும் உடல்நிலையையும் பொறுத்தது. நிறம் வருமா என்பதற்குப் பதில் மரபணுவில், எவ்வளவு வரும் என்பதற்குப் பதில் வாழ்க்கையில். கலோப்டெரிக்ஸ், ஹெட்டேரினா போன்றவற்றின் இறக்கைத் திட்டுகளைப் படிப்பவர்களும் அதனால்தான் திட்டின் அளவோடு கொழுப்புச் சேமிப்பையும் ஒட்டுண்ணிகளையும் சேர்த்தே அளக்கிறார்கள்.

இதைவிட நுட்பமான பின்னல் எலிகன்ஸில் இருக்கிறது. ஐரோப்பாவில் வடக்கே போகப் போக ஆண்நிறப் பெண்களின் பங்கு கூடுகிறது. குளிருக்கு நீல உடல் நல்லது என்று அவசரமாக விளக்கம் சொல்லத் தோன்றும். 2020-ல் வெளியான ஆய்வு வேறு விஷயத்தைக் காட்டியது: பெண் வகைகள் வெப்பநிலைக்கு வெவ்வேறு அளவில் பாதிக்கப்படுகின்றன, ஆண்நிற வகை சீக்கிரம் முதிர்ச்சி அடைகிறது, அதனால் ஆண்களின் தொல்லை தொடங்குவதற்கு முன்பே, இளம்பருவத்திலேயே, வடக்கில் அதற்கு ஒரு முன்தொடக்கம் கிடைத்துவிடுகிறது. நிறத்தைத் தருவது அல்லீல், அந்த அல்லீல் எங்கே எத்தனை இருக்கும் என்பதில் குளிருக்கும் கை இருக்கிறது. குளிர் நிறத்தைத் தொடவே இல்லை, நிறத்தைச் சுமப்பவளின் வளர்ச்சியைத் தொடுகிறது. நான் இதைப் படித்த அன்று நோட்டை மூடிவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தேன், மூன்று கட்டம் போட்டு எண்ணுவதில் எவ்வளவு தவறவிட்டிருக்கிறேன் என்று.

பத்து மணிக்கு மேல் வெயில் வந்தது. நியூரோபேசிஸ் ஒன்று எழுந்து ஓடைக்குக் குறுக்கே போனது. தம்பி எதுவும் எழுதாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் தொந்தரவு செய்யவில்லை.

நாள் 7

மறுபடி குளம். மழைக்குப் பிறகு தண்ணீர் ஒரு சாண் ஏறியிருந்தது, நாங்கள் உட்கார்ந்த மேடு மூழ்கிவிட்டது. எண் போட்ட பதினெட்டில் ஒன்றாவது மிஞ்சியிருக்குமா என்ற பயம் எனக்கு நேற்றிரவிலிருந்தே. வளர்ந்த ஊசித்தட்டானுக்கு நாட்கள் குறைவு, மழை, சிலந்தி, பறவை, பெரிய தட்டான்கள் என்று எல்லாமே எதிரி.

காலை ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை கோரைக்குள் அங்குலம் அங்குலமாகத் தேடினோம். புதிய ஆரஞ்சுகள் நிறைய, இறக்கையில் எண் இல்லை. ஆண்நிறப் பெண் ஒன்றைத் துரத்திக்கொண்டிருந்த ஆண், பாதியில் ஏதோ சந்தேகப்பட்டது போல விட்டுவிட்டுப் போனதைப் பார்த்தேன், ஒரே ஒரு தடவைதான், அதனால் அதை வைத்து எதுவும் சொல்ல மாட்டேன். அப்புறம் தம்பி குரல் கொடுக்காமல் கையை மட்டும் உயர்த்தினார்.

எண் 12. இணைந்த நிலையில், ஆணோடு சக்கரமாக. ஆரஞ்சு இல்லை. மார்பு மங்கிய ஆலிவ், கொஞ்சம் பழுப்பு. தொந்தரவு செய்யாமல் தூரத்திலிருந்தே லென்ஸில் எண்ணை இரண்டு முறை சரிபார்த்தோம்.

கிளம்பலாம் என்று பையைக் கட்டிய பிறகு, மூழ்கிய மேட்டுக்குப் பக்கத்திலிருந்த தண்டில் எண் 7-ஐ நானே பார்த்தேன். முட்டையிட்டுக்கொண்டிருந்தது, தனியாக, வால் முனையைத் தண்ணீருக்குள் வளைத்துத் தண்டைத் துளைத்தபடி. மார்பில் ஆரஞ்சின் சாயல் விளிம்பில் மட்டும் கொஞ்சம் மிச்சம், மற்றதெல்லாம் பச்சை கலந்த பழுப்பு. இறக்கையில் என் கையெழுத்து 7 மழையிலும் அழியவில்லை.

பழைய நோட்டைத் திறந்து அந்த மூன்று கட்டங்களில் நடுக் கட்டத்தைக் கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் எழுதியது: ‘ஆரஞ்சு, இளம்பருவம். எண் 7, எண் 12, ஆறு நாளில் மாறின. மற்ற பதினாறும் காணவில்லை.’ இனி ஒவ்வொரு பெண்ணுக்கும் நிறத்தோடு வயதும், அன்றைய வெப்பநிலையும், இறக்கை புதிதா தேய்ந்ததா என்பதும் தனித்தனிக் கட்டம். தம்பி அடுத்த மாதம் இதே குளத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார், ஆண்நிறப் பெண்களை இளம்பருவத்திலேயே எண் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய யோசனை. பேனாவை அவரிடமே கொடுத்துவிட்டேன்.